மிச்சம் என்ன? ஒரு போட்டி ஆட்டத்தை உட்கார்ந்து பார்ப்பது எப்படி

சதுரங்கம் கற்றுக்கொண்ட எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். காய்கள் எப்படி நகரும் என்று தெரியும். தெரிந்தவர்கள் நாலு பேரை ஜெயித்தும் ஆயிற்று. சரி, பெரிய ஆட்டக்காரர்கள் எப்படித்தான் ஆடுகிறார்கள் என்று பார்ப்போமே என ஒரு போட்டி ஆட்டத்தை எடுத்து வைத்தால், முதல் பத்து நகர்த்தலில் ஒன்றுமே நடக்காது. அப்புறம் சடசடவென்று நாலைந்து காய்கள் வெட்டுப்படும். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கை கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார். செக்மேட் கூட ஆகியிருக்காது. யார் எங்கே சறுக்கினார் என்பதே புரியாமல் நாம் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நானும் பல வருடம் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரே ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொண்டேன். ஒவ்வொரு முறை காய் வெட்டுப்படும்போதும் கையை நிறுத்தி, "இப்போது மிச்சம் என்ன?" என்று கேட்பது. அனுபவசாலிகள் இருவர் ஆடும் ஆட்டத்தில் காயை இலவசமாக யாரும் தரமாட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று கணக்கு சரியாகவே போகும். ஆனால் பலகையில் மீந்து நிற்கும் காய்கள் இருவருக்கும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. ஆட்டம் பெரும்பாலும் அங்கேதான் ஜெயிக்கப்படுகிறது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஆட்டத்தை எடுத்து, படிப்படியாக எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். 1924இல் நியூயார்க்கில் நடந்த போட்டியில் கபாப்ளாங்கா வெள்ளைக் காய்களுடனும் டார்ட்டகோவர் கறுப்புக் காய்களுடனும் ஆடியது. பதினொரு பேர், ஒவ்வொருவரும் மற்றவர்களுடன் இரண்டு தடவை மோதினார்கள். லாஸ்கர் முதலிடம், கபாப்ளாங்கா இரண்டாமிடம், அலெக்கைன் மூன்றாமிடம். கபாப்ளாங்கா அப்போது உலகச் சாம்பியன்.

எந்த ஆட்டத்தை எடுப்பது

புதியவர்கள் நேற்று நடந்த பெரிய ஆட்டத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். அது வேண்டாம் என்பேன். இன்றைய முன்னணி ஆட்டக்காரர்கள் முதல் பதினைந்து இருபது நகர்த்தல்களை வீட்டிலேயே கணினியோடு உட்கார்ந்து தயார்செய்துகொண்டு வருகிறார்கள். அந்தத் தயாரிப்பு தெரியாமல் நாம் பார்த்தால் பாதி நகர்த்தல்களுக்குக் காரணமே கிடைக்காது. பழைய ஆட்டங்களில் ஆட்டக்காரர் என்ன நினைத்தாரோ அதுதான் பலகையில் தெரியும்.

இன்னொன்று, ராணியைத் தியாகம் செய்து எட்டு நகர்த்தலில் மேட் வைக்கும் வாணவேடிக்கை ஆட்டங்களையும் தள்ளிவையுங்கள். பார்க்க அழகாக இருக்கும். நாளைக்கு உங்கள் ஆட்டத்தில் அந்த நிலை வராது. ஐம்பது நகர்த்தலை ஒட்டி முடிந்த, யாராவது ஒருவர் ஜெயித்த ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள்.

பலகையும் எழுத்தும்

நிஜப் பலகையில் வைத்துப் பாருங்கள். திரையில் பொத்தானைத் தட்டிக்கொண்டே போனால் ஐம்பது நகர்த்தலும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், ஒன்றும் மனதில் நிற்காது. கையால் காயை எடுத்து வைக்கும்போது அந்தச் சில நொடிகள் யோசிக்கக் கிடைக்கின்றன. உங்கள் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகையின் எட்டு நெடுவரிசைகளுக்கும் வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று பெயர். கிடைவரிசைகளுக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண். ஆட்டம் தொடங்கும்போது வெள்ளை ராஜா இ1, கறுப்பு ராஜா இ8. சிப்பாய் நகர்ந்தால் கட்டத்தின் பெயரை மட்டும் எழுதுவார்கள்; வெட்டினால் அது கிளம்பிய நெடுவரிசையின் எழுத்தும் முன்னால் வரும். ஒரே மாதிரி இரண்டு காய்களில் எது என்று சொல்லவும் ('எஃப் யானை') இப்படித்தான். மற்றக் காய்களுக்குக் காயின் பெயரும் வரும். × என்றால் வெட்டு, + என்றால் செக், 0-0 என்றால் ராஜா பக்கம் கோட்டை கட்டுதல். நகர்த்தலுக்குப் பின்னால் ஆச்சரியக்குறி இருந்தால் நல்ல நகர்த்தல், கேள்விக்குறி இருந்தால் தவறு என்று குறிப்பு எழுதியவர் சொல்கிறார்.

அச்சில் வரும் ஆட்டங்களில் காய்களுக்கு ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துதான் இருக்கும். ராஜாவுக்குக் 'கே' போய்விட்டதால் குதிரைக்கு 'என்' கொடுத்திருக்கிறார்கள். பெரிய எழுத்தில் 'பி' வந்தால் மந்திரி, சிறிய எழுத்தில் வந்தால் பி நெடுவரிசை. ஆரம்பத்தில் எல்லோரும் இதில் ஒருமுறையாவது தடுக்கி விழுவார்கள். நான் இங்கே முழுப் பெயரையே எழுதுகிறேன்: ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை. மூலையில் நிற்பதைச் சிலர் கோட்டை என்பார்கள், எனக்கு அது யானைதான்.

முதல் ஓட்டம்: நிறுத்தாமல்

முதல் தடவை ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை வேகமாக ஓட்டுங்கள். பத்து நிமிடம் போதும். எதையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம். பலகையின் முகம் எங்கே மாறுகிறது என்று மட்டும் பார்த்து, அந்த நகர்த்தல் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ராணிகள் போன இடம், கடைசிக் குதிரையோ மந்திரியோ போன இடம், யாராவது சிப்பாயை இழந்த இடம். இந்த ஆட்டத்தில் என் தாளில் இருப்பது மூன்று எண்கள்: 25, 34, 35.

இரண்டாவது ஓட்டம்: மறைத்து வைத்து

இப்போது ஓர் அட்டையை எடுத்து நகர்த்தல்களை மூடிவிடுங்கள். ஒருவர் பக்கம் சேர்ந்துகொள்ளுங்கள். ஜெயித்தவர் பக்கம் சேர்வது நல்லது, இங்கே வெள்ளை. உங்கள் முறை வரும்போதெல்லாம் நீங்களாக ஒரு நகர்த்தலைச் சொல்லிவிட்டு அட்டையை விலக்கிப் பாருங்கள். உங்களுடையது வேறாக இருந்தால் வருத்தப்பட வேண்டாம், ஏன் வேறு என்று கேளுங்கள். அந்த இடைவெளியில்தான் கற்பது நடக்கிறது.

தொடக்கம் இப்படிப் போகிறது:

1. டி4, இ6
2. குதிரை எஃப்3, எஃப்5
3. சி4, குதிரை எஃப்6
4. மந்திரி ஜி5, மந்திரி இ7
5. குதிரை சி3, 0-0
6. இ3, பி6
7. மந்திரி டி3, மந்திரி பி7
8. 0-0, ராணி இ8
9. ராணி இ2, குதிரை இ4
10. மந்திரி × இ7, குதிரை × சி3
11. பி × சி3, ராணி × இ7

எஃப்5 என்று கறுப்பு சிப்பாயைத் தள்ளினால் அதற்கு டச்சு டிஃபன்ஸ் என்று பெயர். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இ4 கட்டத்தின் மேல் கறுப்பு கண் வைத்திருக்கிறது, அது தெரிந்தால் போதும். ஒன்பதாவது நகர்த்தலில் குதிரை அங்கேயே போய் உட்கார்ந்ததைப் பாருங்கள்.

11ஆவது நகர்த்தலில் முதல் வெட்டல் முடிந்தது. மிச்சம் என்ன? ஒரு மந்திரிக்கு ஒரு மந்திரி, ஒரு குதிரைக்கு ஒரு குதிரை. கணக்கு சமம். ஆனால் வெள்ளைக்கு சி நெடுவரிசையில் சி3, சி4 என ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைச் சிப்பாய்கள் வந்துவிட்டன. இவை ஒன்றையொன்று காக்க முடியாது. கறுப்பு இந்தப் பலவீனத்தை மறக்கவே மாட்டார். இந்த சி3 சிப்பாயை நீங்களும் மறக்காதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

12. ஏ4, மந்திரி × எஃப்3
13. ராணி × எஃப்3, குதிரை சி6
14. எஃப் யானை பி1, ஏ யானை இ8
15. ராணி எச்3, யானை எஃப்6
16. எஃப்4, குதிரை ஏ5
17. ராணி எஃப்3, டி6
18. யானை இ1, ராணி டி7
19. இ4, எஃப் × இ4
20. ராணி × இ4, ஜி6
21. ஜி3, ராஜா எஃப்8
22. ராஜா ஜி2, யானை எஃப்7
23. எச்4, டி5

இந்தப் பகுதியில் பல நகர்த்தல்கள் உங்களுக்குப் புரியாது. வெள்ளை யானை பி1 போய்விட்டு நாலு நகர்த்தல் கழித்து இ1 வருகிறது. ராணி எச்3 போய் எஃப்3 திரும்புகிறது. எல்லாவற்றுக்கும் காரணம் தேடி ஒரு மாலையைச் செலவழிக்காதீர்கள். புரியாததற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் தாண்டிப் போங்கள். ஆறு மாதம் கழித்து இதே ஆட்டத்தை எடுத்தால் பாதிப் புள்ளிகளை அழித்துவிடலாம்.

இரண்டு விஷயங்களை மட்டும் கவனியுங்கள். 13ஆவது நகர்த்தலோடு கறுப்பு தன் கடைசி மந்திரியைக் கொடுத்து வெள்ளையின் கடைசிக் குதிரையை வாங்கிவிட்டார். இனி ஆட்டம் வெள்ளை மந்திரிக்கும் கறுப்புக் குதிரைக்கும் நடுவே. அந்தக் குதிரை எங்கே நிற்கிறது? ஏ5இல், பலகையின் ஓரத்தில். இரண்டாவது, 19. இ4 மூலம் வெள்ளை இ நெடுவரிசையைத் திறந்தார். 20இல் ராணி இ4 வந்ததும் அதன் பின்னால் டி3இல் மந்திரி நிற்கிறது, இரண்டும் சேர்ந்து எச்7 சிப்பாயைக் குறிவைக்கின்றன. அதனால்தான் கறுப்பு ஜி6 தள்ள வேண்டியதாயிற்று.

ராணிகள் போகும் இடம்

24. சி × டி5, இ × டி5
25. ராணி × இ8+, ராணி × இ8
26. யானை × இ8+, ராஜா × இ8

என் தாளில் குறித்த முதல் எண் இது. இந்த ஆட்டத்தை முதன்முதலில் பார்த்தபோது ராணிகள் போனதும் நான் மூடி வைத்துவிட்டேன். இனி சும்மா இழுத்துக்கொண்டு போவார்கள் என்று நினைப்பு. சுவாரசியமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

உங்கள் பலகையைச் சரிபாருங்கள். வெள்ளை: ராஜா ஜி2, யானை ஏ1, மந்திரி டி3, சிப்பாய்கள் ஏ4, சி3, டி4, எஃப்4, ஜி3, எச்4. கறுப்பு: ராஜா இ8, யானை எஃப்7, குதிரை ஏ5, சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி5, ஜி6, எச்7. ஆளுக்கு ஆறு சிப்பாய்.

இப்போது தாளை எடுத்து, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள்: மீதிக் காய்களை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்ய ஆசைப்படுவார்? தோற்றவர் பக்கத்தையும் அவர் கண்ணால் பார்க்க வேண்டும். தோற்றவரை முட்டாளாக்கிப் பார்த்தால் ஆட்டத்தில் பாதி போய்விடும்.

கறுப்பு என்ன நினைத்து 23இல் டி5 தள்ளியிருப்பார்? வெள்ளையின் சி4 சிப்பாய் விலகினால் அந்தக் கட்டம் குதிரைக்குக் கிடைக்கும். சி3 சிப்பாய் தனித்து நிற்கும். யானையை சி6க்குக் கொண்டுவந்தால் அதைப் பிடித்துவிடலாம். நல்ல திட்டம்தான். நான் இதைக் குறை சொல்லமாட்டேன்.

வெள்ளைக்கு என்ன ஆசை? மந்திரி டி3இலிருந்து ஜி6 சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எச் சிப்பாயைத் தள்ளி அந்தப் பக்கத்தைத் திறந்தால் யானை உள்ளே இறங்கலாம். கறுப்புக் குதிரையோ பலகையின் மறுகோடியில் இருக்கிறது. ஒருவருக்கு ராணிப் பக்கத்தில் சிப்பாய் வேண்டும், மற்றவருக்கு ராஜா பக்கத்தில் வழி வேண்டும்.

27. எச்5, யானை எஃப்6
28. எச் × ஜி6, எச் × ஜி6
29. யானை எச்1, ராஜா எஃப்8
30. யானை எச்7, யானை சி6
31. ஜி4, குதிரை சி4
32. ஜி5, குதிரை இ3+
33. ராஜா எஃப்3, குதிரை எஃப்5
34. மந்திரி × எஃப்5, ஜி × எஃப்5

30ஆவது நகர்த்தலில் நின்று பாருங்கள். வெள்ளை யானை ஏழாவது கிடைவரிசையில் ஏறிவிட்டது. அங்கிருந்து சி7 சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்பு ராஜா முன்னேறும் வழியையும் அடைக்கிறது. கறுப்பு யானை சி6 வந்து ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்கிறது: சி7ஐக் காக்கிறது, ஜி6ஐக் காக்கிறது, சி3ஐத் தாக்குகிறது. எவ்வளவு சாமர்த்தியமான நகர்த்தல்! ஆனாலும் ஒரே காய் மூன்று வேலை பார்க்க வேண்டிய நிலை வருவதே ஒரு அறிகுறி. மற்றக் காய்கள் வேலையில்லாமல் நிற்கின்றன என்று அர்த்தம்.

வெள்ளை சி3ஐப் பற்றிக் கவலையே படாமல் ஜி சிப்பாயைத் தள்ளிக்கொண்டு போகிறார். கறுப்புக் குதிரை அவசரமாக எஃப்5க்கு ஓடிவந்து காவல் நிற்கிறது. வந்த உடனே வெள்ளை அதைத் தன் மந்திரியால் வெட்டிவிடுகிறார். அவ்வளவு நேரம் கட்டிக் காத்த மந்திரியை ஏன் கொடுத்தார்? மிச்சத்தைப் பாருங்கள்.

34க்குப் பிறகு

வெள்ளை: ராஜா எஃப்3, யானை எச்7, சிப்பாய்கள் ஏ4, சி3, டி4, எஃப்4, ஜி5. கறுப்பு: ராஜா எஃப்8, யானை சி6, சிப்பாய்கள் ஏ7, பி6, சி7, டி5, எஃப்5. சமம். ஐந்துக்கு ஐந்து. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர் "டிரா ஆகிவிடும் போல" என்பார். போதாததற்குக் கறுப்பு அடுத்த நகர்த்தலில் சி3 சிப்பாயை எடுக்கப் போகிறார்.

ஆனால் ஜி5 சிப்பாயின் பாதையைப் பாருங்கள். அதை மறிக்க எந்தக் கறுப்புச் சிப்பாயும் இல்லை. கறுப்பு ராஜா கடைசி வரிசையில் பூட்டிக் கிடக்கிறது. வெள்ளை யானை உச்சியில் இருக்கிறது. வெள்ளைக்கு ஒரு கை மட்டும் குறைகிறது. அந்தக் கையாக வரப்போவது ராஜா.

அட்டையை மூடி, பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, நீங்களே ஒரு நகர்த்தலைச் சொல்லுங்கள். பிறகு விலக்குங்கள்.

35. ராஜா ஜி3, யானை × சி3+
36. ராஜா எச்4, யானை எஃப்3
37. ஜி6, யானை × எஃப்4+
38. ராஜா ஜி5, யானை இ4
39. ராஜா எஃப்6, ராஜா ஜி8

வெள்ளை இரண்டு சிப்பாய்களைக் கொடுத்துவிட்டார். சி3ஐச் செக்கோடு விட்டார், எஃப்4ஐயும் செக்கோடு விட்டார். அதற்கு ஈடாக ராஜா ஜி3, எச்4, ஜி5, எஃப்6 என்று நடந்து எதிரியின் வீட்டு வாசலுக்கே போய்விட்டது. சிப்பாய்க் கணக்கு இப்போது மூன்றுக்கு ஐந்து. கறுப்பு தன் திட்டத்தில் முழு வெற்றி பெற்றுவிட்டார், தோற்கவும் போகிறார்.

39ஆவது நகர்த்தலில் மறுபடி நில்லுங்கள். ராஜா ஜி5இல் இருந்தபோது எஃப்5 சிப்பாயை வெட்டியிருக்கலாம். கையில் வந்த காயை ஏன் விட்டார்? அந்தச் சிப்பாய் கறுப்பினுடையது என்றாலும் வெள்ளை ராஜாவுக்கு அதுதான் குடை. அது எஃப்5இல் நிற்கும்வரை கறுப்பு யானையால் எஃப் நெடுவரிசையில் கீழிருந்து செக் கொடுக்க முடியாது. எடுத்திருந்தால் ராஜா வெட்டவெளியில் நின்றிருக்கும். விட்டுவிட்டு எஃப்6 ஏறியதால் அடுத்தது யானை எச்8 மேட் என்ற மிரட்டல் வந்துவிட்டது. கறுப்பு ராஜா ஓட வேண்டியதாயிற்று. எதிரியின் சிப்பாயை வெட்டாமல் வைத்துக்கொள்வதும் 'மிச்சம் என்ன' கணக்கில் சேரும் என்று எனக்குக் காட்டிக்கொடுத்த நகர்த்தல் இது.

மூன்றாவது ஓட்டம்: ஏன் எழுந்தார்?

புதியவர்கள் கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் விடுவார்கள். ஜெயிப்பது தெரிந்துவிட்டதே என்று. அதைக் கடைசிவரை ஆடிப் பாருங்கள்.

40. யானை ஜி7+, ராஜா எச்8
41. யானை × சி7, யானை இ8
42. ராஜா × எஃப்5, யானை இ4
43. ராஜா எஃப்6, யானை எஃப்4+
44. ராஜா இ5, யானை ஜி4
45. ஜி7+, ராஜா ஜி8
46. யானை × ஏ7, யானை ஜி1
47. ராஜா × டி5, யானை சி1
48. ராஜா டி6, யானை சி2
49. டி5, யானை சி1
50. யானை சி7, யானை ஏ1
51. ராஜா சி6, யானை × ஏ4
52. டி6, கறுப்பு ஆட்டத்தைக் கைவிட்டார்.

கொடுத்த இரண்டு சிப்பாய்க்கு நாலு சிப்பாய் திரும்பி வந்துவிட்டது: சி7, எஃப்5, ஏ7, டி5. குடையாக வைத்திருந்த எஃப்5 சிப்பாயையும் தேவை முடிந்ததும், கறுப்பு யானை காவலுக்குப் பின்வாங்கிய நேரத்தில் எடுத்துக்கொண்டார். கடைசியில் கறுப்பிடம் பி6இல் ஒரே ஒரு சிப்பாய். வெள்ளையின் டி சிப்பாய் இன்னும் இரண்டு அடியில் ராணியாகிவிடும்.

"இன்னும் மேட் ஆகவில்லையே, ஏன் எழுந்தார்?" என்று தோன்றும். அப்படித் தோன்றினால், அந்த இடத்திலிருந்து நண்பர் ஒருவரைக் கறுப்புக்கு உட்கார வைத்து நீங்கள் வெள்ளையை ஆடி ஜெயியுங்கள். பிறகு பக்கம் மாற்றி ஆடுங்கள். அனுபவசாலிகள் கைவிடும் இடம் நமக்குச் சாதாரண ஆட்ட நிலை. அங்கிருந்து ஜெயிக்கத் தெரிந்துகொள்வதே தனிப் பாடம்.

வீட்டுப்பாடமாக ஒரு கேள்வி: 45இல் ஜி7 செக் வந்ததும், ஜி4இல் இருந்த கறுப்பு யானை அந்தச் சிப்பாயை ஏன் வெட்டவில்லை? வெட்டினால் வெள்ளை யானை வெட்டும், கறுப்பு ராஜா வெட்டும், யானைகள் காலி. மிச்சம் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். வெள்ளை ராஜா டி5 சிப்பாயை எடுக்கிறது. அங்கிருந்து பலகையில் நகர்த்திப் பாருங்கள், கறுப்பு ராஜா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும்.

இதே கேள்வி, நூறு வருடம் கழித்து

பழைய ஆட்டத்துக்கு மட்டும் பொருந்தும் பழக்கம் இது என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது ஆட்டம். டிங் லிரென் வெள்ளை, குகேஷ் கறுப்பு. 55ஆவது நகர்த்தலுக்கு முன் இருவரிடமும் யானையும் மந்திரியும்; குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலை. டிங் யானையை எஃப்2இல் வைத்தார். குகேஷ் யானையை வெட்டினார், டிங் ராஜாவால் திருப்பி வெட்டினார். அடுத்து குகேஷ் மந்திரியை டி5இல் வைத்தார். டிங்கின் மந்திரி மூலையில், ஏ8இல் நின்றது, ஓட இடமில்லை. அதையும் மாற்றிக்கொண்டே ஆகவேண்டும். மாற்றினால் மிச்சம்? ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும், குகேஷுக்கு ஒன்று கூடுதல். அந்த நிலையில் ஒரு கூடுதல் சிப்பாய் போதும். மூன்று நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது, ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் பட்டம் கை மாறியது.

உலகச் சாம்பியனே ஒரு நிமிடம் இந்தக் கேள்வியைக் கேட்க மறந்தால் இப்படி ஆகிறது. இதில் அவரை இளக்காரமாகப் பேச ஒன்றுமில்லை. இந்த இடத்தில் கடிகாரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். இன்று பரவலாக உள்ள ஒரு போட்டி நேரக் கணக்கு: முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், பிறகு மீதிக்கு 30 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடி கூடுதல். நாலு மணி நேரம் உட்கார்ந்த களைப்பு வேறு. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்ற விதியும் தலைக்கு மேல் நிற்கும். ஆட்டத்தாளில் நேரமும் எழுதியிருந்தால், நாற்பதாவது நகர்த்தலை ஒட்டி வரும் தவறுகளைப் பக்கத்தில் உள்ள நேரத்தோடு சேர்த்துப் படியுங்கள். பல நகர்த்தல்களுக்கு அறிவுக் குறைவு காரணமில்லை, நேரக் குறைவுதான் காரணம்.

கணினி கடைசியில்

இவ்வளவும் முடிந்தபிறகு கணினி இன்ஜினைத் திறக்கலாம். அது ஓர் எண்ணைக் காட்டும். கூட்டல் குறி இருந்தால் வெள்ளைக்குச் சாதகம், கழித்தல் என்றால் கறுப்புக்கு. எண் ஏறத்தாழ எத்தனை சிப்பாய் அளவு சாதகம் என்பதைச் சொல்கிறது. முதலிலேயே திறந்தால் நீங்கள் எண்ணைத்தான் பார்ப்பீர்கள், பலகையைப் பார்க்கமாட்டீர்கள். நான் அதை ஒரே ஒரு வேலைக்கு வைத்துக்கொள்கிறேன். மூடிய அட்டைக்கு முன்னால் நான் சொன்ன நகர்த்தல்களில் எது நடந்ததைவிட மோசம், எது பரவாயில்லை என்று கேட்பது. என் நகர்த்தலை வைத்துவிட்டு, எதிராளி என்ன பதில் ஆடுவார் என்று அதையே ஆடவிட்டுப் பார்ப்பேன். ஏன் மோசம் என்பது மூன்று நான்கு நகர்த்தலில் தெரிந்துவிடும்.

பிறகு தாளின் அடியில் ஆட்டத்தை ஐந்தாறு வரியில் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், நகர்த்தல் எண்கள் இல்லாமல். இந்த ஆட்டத்துக்கு என் தாளில் இருப்பது இதுதான்: "கறுப்பு சி3ஐ எடுக்க ஆசைப்பட்டார், எடுத்தார். வெள்ளை ராஜாவை உள்ளே அனுப்ப ஆசைப்பட்டார், அனுப்பினார். ராஜா பெரிது." எழுத வரவில்லை என்றால் இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், வேறு வழியில்லை.

ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மாலைகள் ஆகும். ஆகட்டும். அடுத்து எதை எடுப்பது என்று கேட்டால், இதே நியூயார்க் போட்டியில் கபாப்ளாங்கா ரெட்டியிடம் தோற்ற ஆட்டத்தைச் சொல்வேன். எட்டு வருடத்தில் அவருக்கு அது முதல் தோல்வி. ரெட்டி வெள்ளை. காய்களை மறுபடி அடுக்கிக்கொள்ளுங்கள். முதல் நகர்த்தல் குதிரை எஃப்3.